எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையியலின் வரலாறு

எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையியல் என்பது, ஒரு பொருளில் உள்ள குறிப்பிட்ட ஒரு தனிமத்தின் அணுக்களைச் சுற்றி என்னென்ன அணுக்கள், எத்தனை, எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை அறிய உதவும் ஆய்வுமுறையாகும். கண்ணாடி, கரைசல், புரதம், வினையூக்கித் துகள் எனப் படிகமாக இல்லாத பொருள்களுக்கும் இது பயன்படுவது இதன் தனிச்சிறப்பு. இம்முறைக்கு அடிப்படையான நுண்ணமைப்பு 1920-லேயே அளக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதிலிருந்து அணுக்களுக்கு இடையிலான தொலைவை நேரடியாக எடுக்கும் வழி 1971-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தரவுகள் இருந்தன, கருவிகள் இருந்தன, சரியான கோட்பாட்டின் கருவும்கூட இருந்தது. இருந்தும் இவ்வளவு காலம் பிடித்தது ஏன் என்பதே இதன் வரலாற்றில் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி.

விளிம்பு தெரிந்த விதம்

எக்ஸ்-கதிர்களைப் படிகம் விளிம்புவிளைவுக்கு உட்படுத்தும் என்பது 1912-இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே, பாரிசில் தமது வீட்டு ஆய்வகத்தில் மொரீஸ் டி பிராக்லி ஒரு சோதனை செய்தார். எலக்ட்ரானுக்கு அலைப்பண்பு உண்டு என்று பின்னாளில் கூறிய லூயி டி பிராக்லியின் அண்ணன் இவர். காற்றழுத்தத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவியில் கடிகாரப் பொறியால் மெல்லச் சுழலும் உருளை ஒன்று உண்டு. அந்த உருளையின் மேல் அவர் ஒரு படிகத்தைப் பொருத்தினார். படிகம் சீராகத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு அலைநீளமுள்ள கதிர்கள் வெவ்வேறு கோணத்தில் சிதறி ஒளிப்படத் தகட்டில் விழுந்தன. எக்ஸ்-கதிர்க் குழாய் உமிழ்ந்த கோடுகளோடு, தகட்டின் கருமை திடீரென மாறும் இரண்டு எல்லைகளும் அதில் தெரிந்தன.

அந்த எல்லைகளுக்கும் கதிர்க் குழாய்க்கும் தொடர்பில்லை. ஒளிப்படத் தகட்டின் பூச்சில் இருந்த வெள்ளியும் புரோமினும்தான் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. கதிரின் ஆற்றல் ஓர் அணுவின் உட்கூட்டில் உள்ள எலக்ட்ரானை வெளியேற்றப் போதுமான அளவை எட்டியதும், அந்த அணு கதிரை உட்கவரும் அளவு சட்டென உயர்கிறது. இந்த உயர்வே உட்கவர் விளிம்பு. மிக உள்ளேயுள்ள கூட்டுக்கு உரியது கே-விளிம்பு எனப்படும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இது தனி: இரும்புக்கு 7112 எலக்ட்ரான்-வோல்ட், செம்புக்கு 8979, ஜெர்மானியத்துக்கு 11,103. ஆகவே எந்த விளிம்பருகே அளக்கிறோம் என்பதைக் கொண்டே எந்தத் தனிமத்தின் அணுவைக் கவனிக்கிறோம் என்பது உறுதியாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்களுக்கு நடுவே ஒரேயோர் இரும்பணு இருந்தாலும் அதை மட்டும் பார்க்கலாம்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மானே சீக்பான் வளர்த்தெடுத்த நுட்பமான நிறமாலைமானிகள் அடுத்த கட்டத்துக்கு வழிவகுத்தன. 1920-இல் ஹியூகோ ஃபிரிக்கே மக்னீசியம் முதல் குரோமியம் வரையுள்ள தனிமங்களின் கே-விளிம்புகளை வெளியிட்டார். விளிம்பு ஒரே படியாக எழவில்லை. அதையொட்டி ஏற்ற இறக்கங்கள் இருந்தன. குஸ்டாவ் ஹெர்ட்சும் அதே காலத்தில் எல்-விளிம்புகளில் இதைக் கண்டார். இதே 1920-இல் பெர்கன்கிரென் பாஸ்பரசை ஆராய்ந்து, தனிமத்தின் வேதிநிலை மாறினால் விளிம்பின் இடமும் சற்று நகர்கிறது என்று காட்டினார். விளிம்புக்கு மிக அருகே உள்ள அமைப்புக்கு வால்டர் கோசெல் விளக்கம் தந்தார்: வெளியேறும் எலக்ட்ரான் முதலில் அணுவின் காலியான வெளிநிலைகளுக்குத் தாவுகிறது என்பது அவரது கருத்து. ஆனால் கருவிகள் மேம்பட மேம்பட, ஏற்ற இறக்கங்கள் விளிம்பைத் தாண்டி நூற்றுக்கணக்கான எலக்ட்ரான்-வோல்ட் வரை நீள்வது தெரிந்தது. அவ்வளவு ஆற்றல் பெற்ற எலக்ட்ரானுக்கு அணுவின் வெளிநிலைகள் ஒரு பொருட்டே அல்ல. கோசெலின் விளக்கம் அங்கே செல்லவில்லை.

அலைவு தோன்றும் முறை

இன்று ஏற்கப்பட்டுள்ள விளக்கத்தை முதலில் தெரிந்துகொண்டால், பின்னால் வரும் கருத்து மோதல் எளிதாகப் புரியும். தெப்பக்குளத்தின் நடுவே ஒரு கல் விழுந்தால் வட்ட அலைகள் பரவுகின்றன. நீரில் நிற்கும் தூண்களில் பட்ட அலை சிறிதளவு திரும்பிக் கல் விழுந்த இடத்துக்கே வருகிறது. அணுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரானும் அலையாகவே பரவுகிறது. அண்டை அணுக்களில் மோதிய பகுதி பின்சிதறித் தாய் அணுவுக்குத் திரும்புகிறது. திரும்பிய அலையும் கிளம்பும் அலையும் முகட்டோடு முகடு சேர்ந்தால் அணு எக்ஸ்-கதிரைச் சற்று அதிகமாக உட்கவரும்; முகட்டோடு பள்ளம் சேர்ந்தால் சற்றுக் குறைவாக உட்கவரும்.

எக்ஸ்-கதிரின் ஆற்றலைக் கூட்டக் கூட்ட எலக்ட்ரானின் அலைநீளம் குறைகிறது. விளிம்புக்கு மேல் 100 எலக்ட்ரான்-வோல்ட் கூடுதல் ஆற்றல் பெற்ற எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 1.2 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அணுக்களுக்கு இடையிலான தொலைவும் இதே அளவில்தான் இருக்கிறது. அலைநீளம் மாறும்போது இரு அலைகளும் மாறி மாறிக் கூடியும் கழிந்தும் போவதால் உட்கவர் வரைபடம் அலைகிறது. அண்டை அணு தொலைவில் இருந்தால் அலைவு நெருக்கமாகவும், அருகில் இருந்தால் அகலமாகவும் இருக்கும். அலைவின் உயரம் அண்டை அணுக்களின் எண்ணிக்கையையும் வகையையும் பொறுத்தது. வெளியேறிய எலக்ட்ரான் விரைவில் ஆற்றலை இழந்துவிடுவதால், சுமார் 5 அல்லது 6 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் உள்ள அணுக்களின் பங்கு பெரும்பாலும் தெரிவதில்லை.

விளிம்பிலிருந்து ஏறத்தாழ 50 எலக்ட்ரான்-வோல்ட்டுக்குள் உள்ள பகுதி இன்று ஸேன்ஸ் என்றும், அதற்கு மேல் நீளும் அலைவுப் பகுதி எக்ஸாஃப்ஸ் என்றும் அழைக்கப்படுகின்றன. முன்னது வேதிநிலையையும் அண்டை அணுக்களின் வடிவ ஒழுங்கையும், பின்னது தொலைவுகளையும் எண்ணிக்கையையும் சொல்கின்றன.

குரோனிக்கின் இரண்டு கோட்பாடுகள்

நீண்ட அலைவுகளுக்கு முதலில் விளக்கம் தந்தவர் ரால்ஃப் குரோனிக். 1925-இல் எலக்ட்ரானின் தற்சுழற்சியை முதலில் எண்ணியவரும் இவரே. பவுலி அதை ஏற்காததால் வெளியிடாமல் விட்டார், அப்பெருமை மற்ற இருவருக்குப் போயிற்று. 1931-இல், நெதர்லாந்தின் குரோனிங்கனில் இருந்தபோது, படிகத்தில் எலக்ட்ரானுக்குத் தடைசெய்யப்பட்ட ஆற்றல் பட்டைகள் உண்டு என்ற அன்றைய புதிய கருத்தை அவர் இதற்குப் பயன்படுத்தினார். அந்தப் பட்டைகள் வரும் இடங்களில் உட்கவர்தல் குறைய வேண்டும் என்பது அவரது முடிவு. இதன்படி அலைவுகளுக்குக் காரணம் படிகம் முழுவதிலும் விரியும் ஒழுங்கு. இது தொலை ஒழுங்குக் கோட்பாடு எனப்பட்டது.

இக்கோட்பாட்டுக்கு உடனே ஓர் இடையூறு வந்தது. அமெரிக்காவில் ஹனாவால்ட் செய்த அளவீடுகளில், ஒற்றை அணுக்களாலான ஆவிகளில் நீண்ட அலைவு இல்லை. ஆனால் மூலக்கூறுகளாலான வாயுக்களில் இருந்தது. வாயுவில் படிகம் ஏது? 1932-இல் குரோனிக் தாமே மூலக்கூறுகளுக்கென இரண்டாவது கோட்பாட்டை எழுதினார். அதில் வெளியேறும் எலக்ட்ரான் அண்டை அணுவில் பட்டுச் சிதறுவதே அலைவுக்குக் காரணம். இன்றைய விளக்கத்தின் கரு அதுதான். 1934-இல் ஹார்ட்ரீ, குரோனிக், பீட்டர்சன் மூவரும் ஜெர்மானியம் டெட்ராகுளோரைடு மூலக்கூறுக்கு இதைக் கணக்கிட்டும் காட்டினர்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விவாதம் முடியவில்லை. மூலக்கூறுக்கு ஒரு கோட்பாடு, படிகத்துக்கு இன்னொன்று என்று இரண்டும் அருகருகே வாழ்ந்தன. தொலை ஒழுங்குக் கோட்பாடு எளிமையானது. படிக அமைப்பு தெரிந்தால் போதும், முகடுகள் எந்த ஆற்றலில் வரும் என்று தாளில் கணக்கிட்டுவிடலாம். படிகத்தில் அணுத்தளங்கள் ஏராளம் என்பதால், கணக்கில் வரும் இடங்களும் ஏராளம். அளந்த முகடு எதுவாக இருந்தாலும் அதற்கு அருகே ஏதேனும் ஒரு கணக்கீட்டு எண் கிடைத்துவிடும். இப்படிக் கிடைத்த பொருத்தங்களைச் சான்றாக எடுத்துக்கொண்ட கட்டுரைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வந்துகொண்டிருந்தன. சோவியத் ஒன்றியத்தில் கோஸ்தரேவ், ஜப்பானில் ஷிரைவா முதலியோர் அண்மை ஒழுங்குக் கோட்பாட்டைப் படிகங்களுக்கும் விரித்தபோதும் பொதுவான ஒப்புதல் ஏற்படவில்லை. ஒவ்வொரு முகட்டின் இடத்தையும் அட்டவணையில் குறித்துக் கோட்பாட்டோடு ஒப்பிடும் வழக்கமே இந்தத் தேக்கத்துக்குப் பெரிய காரணம் எனலாம். அலைவின் முழு வடிவத்தில்தான் செய்தி இருந்தது. அட்டவணை அதைத் தொலைத்துவிட்டது.

சியாட்டில், 1971

தேக்கத்தை உடைத்தவர்கள் சியாட்டில் நகரைச் சேர்ந்த மூவர். விமான நிறுவனமான போயிங் அங்கே நடத்திய அறிவியல் ஆய்வகத்தில் 1960 முதல் பணியாற்றியவர் ஃபேரல் லைட்டில். எட்வர்ட் ஸ்டெர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். டேல் சேயர்ஸ் அங்கு முனைவர் பட்ட மாணவர். லைட்டில் 1960களில் தானியங்கி நிறமாலைமானிகளை அமைத்து, வெவ்வேறு பொருள்களின் அலைவுகளை ஒழுங்காக அளந்து சேர்த்துவந்தார். விமான நிறுவனத்தில் இந்த அடிப்படை ஆய்வுக்கு இடம் கிடைத்தது இன்றைக்கு வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்து அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சிலவற்றில் அது இயல்பாக இருந்தது.

மூவரும் அண்மை ஒழுங்கை அடிப்படையாகக் கொண்டு, அண்டை அணுக்களை எலக்ட்ரான் அலையைச் சிதறடிக்கும் புள்ளிகளாகக் கருதும் ஒரு கோட்பாட்டை 1970-இல் வெளியிட்டனர். அதன்படி மொத்த அலைவு என்பது ஒவ்வொரு தொலைவிலும் உள்ள அணுக்கூட்டம் உண்டாக்கும் தனித்தனி அலைவுகளின் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை என்று ஆனபின் அதைப் பிரிப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுப் பழமையான கருவி ஒன்று காத்திருந்தது. அதுவே ஃபூரியே மாற்றம். நாதசுரமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும் பதிவிலிருந்து எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வலிமையோடு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் அதே கணிதம், இங்கே எந்தெந்தத் தொலைவில் அணுக்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டும். எக்ஸ்-கதிர் ஆற்றலை எலக்ட்ரானின் அலை எண்ணாக மாற்றி, அலைவை மட்டும் தனியே எடுத்து, ஃபூரியே மாற்றம் செய்தால், தொலைவை அச்சாகக் கொண்ட வரைபடம் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு முகடும் அண்டை அணுக்களின் ஒரு கூட்டம்.

1971-இல் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளிவந்த அவர்களது கட்டுரை, படிக ஜெர்மானியத்தையும் ஆவியாக்கிப் படியவைத்த படிக வடிவமற்ற ஜெர்மானியத்தையும் ஒப்பிட்டது. எடுத்துக்காட்டு நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. படிக ஜெர்மானியத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் 2.45 ஆங்ஸ்ட்ராமில் 4, 4.00 ஆங்ஸ்ட்ராமில் 12, 4.69 ஆங்ஸ்ட்ராமில் 12 அண்டை அணுக்கள் என்பது ஏற்கெனவே தெரியும். வடிவமற்ற ஜெர்மானியம் மிகச் சிறிய படிகங்களின் குவியலா, அல்லது அணுக்கள் ஒழுங்கின்றிப் பின்னிய தொடர்ச்சியான வலையா என்பது அப்போது தீராத கேள்வி. புதிய வரைபடத்தில், வடிவமற்ற பொருளின் முதல் இரண்டு அண்டைக் கூட்டங்களும் படிகத்தில் உள்ள அதே தொலைவில், அளவீட்டின் 1 விழுக்காட்டுத் துல்லியத்துக்குள், இருந்தன. அதற்கு அப்பால் படிகத்தில் தெரிந்த ஒழுங்கு இதில் மறைந்துபோயிருந்தது. அணுவின் உடனடிச் சுற்றுப்புறம் கலையாமல் இருக்க, அடுத்தடுத்த தொலைவுகளில் ஒழுங்கு குலைந்திருக்கும் பொருள் அது என்று வரைபடமே காட்டியது.

தொலை ஒழுங்குக் கோட்பாட்டுக்கும் இது முடிவு கட்டியது. தொலை ஒழுங்கே இல்லாத பொருளில் அலைவு தெளிவாக இருக்கும்போது, அலைவுக்குத் தொலை ஒழுங்கு தேவை என்று வாதிட இடமில்லை. சரியாகச் சொன்னால், படிகமற்ற பொருள்களிலும் அலைவு உண்டு என்பது முன்பே தெரிந்ததுதான். ஆனால் அதிலிருந்து எண்ணாக ஒரு தொலைவை எடுத்துக் கையில் கொடுக்கும் வரை யாரும் பழைய கோட்பாட்டைக் கைவிட அவசரப்படவில்லை.

ஒரு சிக்கல் மீதமிருந்தது. அலை அணுவுக்குள் நுழைந்து திரும்பும்போது அதன் கட்டம் சற்று நகர்வதால், ஃபூரியே வரைபடத்தில் முகடுகள் உண்மைத் தொலைவைவிடச் சில பத்தில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராம் குறைவாகத் தெரியும். அமைப்பு தெரிந்த ஒத்த பொருள் ஒன்றை அளந்து அந்த நகர்வைக் கணக்கிட்டு நீக்க வேண்டும், அல்லது கோட்பாட்டிலிருந்து பெற வேண்டும். 1975-இல் லீ, பென்ட்ரி ஆகியோரும் ஆஷ்லி, டோனியாக் ஆகியோரும் தந்த கணக்கீடுகள் இரண்டாவது வழியைத் திறந்தன. 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ரேர் குழுவினர் உருவாக்கிய ஃபெஃப் என்ற கணினி நிரல், எலக்ட்ரான் பல அணுக்களில் அடுத்தடுத்துச் சிதறுவதையும் கணக்கில் எடுத்து, அந்த வழியை எல்லோருக்கும் பொதுவாக்கியது.

துகள் இயற்பியலாளர்களின் வளையத்தில்

கணிதம் கிடைத்தது, ஒளி போதவில்லை. எக்ஸ்-கதிர்க் குழாய் தன் ஆற்றலைச் சில கூரிய கோடுகளில் குவித்துவிட்டு, இடையில் மெல்லிய தொடர் ஒளியை மட்டும் தருகிறது. அலைவோ மொத்த உட்கவர்தலில் சில விழுக்காடு அளவுக்கே இருக்கும். அதைத் தெளிவாகக் காண நீண்ட நேர அளவீடு தேவைப்பட்டது.

கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தில் ஸ்பியர் என்ற வளையம் இருந்தது. எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் மோதவைத்துப் புதிய துகள்களைத் தேடுவதற்காகக் கட்டப்பட்டது அது. 1974-இல் புகழ்பெற்ற ஜே-சை துகள் அங்கும் கண்டுபிடிக்கப்பட்டது. வளையத்தில் எலக்ட்ரான்கள் வளைந்து ஓடும்போது வீணாக வெளியேறும் ஒத்தியக்க முடுக்கிக் கதிர்வீச்சு, துகள் இயற்பியலாளர்களுக்கு ஆற்றல் இழப்பு. பொருளறிவியலாளர்களுக்கோ அது எல்லா அலைநீளங்களையும் கொண்ட, குழாயைவிடப் பல ஆயிரம் மடங்கு செறிவான எக்ஸ்-கதிர். அதே 1974-இல் வளையத்தின் ஓரத்தில் அதற்கென ஓர் ஆய்வுத்திட்டம் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு மாணவர் கின்கெய்டும் பெல் ஆய்வகத்தின் ஐசன்பெர்கரும் அங்கு அளந்த முதல் எக்ஸாஃப்ஸ் முடிவுகள் 1975-இல் வெளிவந்தன. அங்கே சென்ற லைட்டில், முந்தைய பத்தாண்டுகளில் சேர்த்ததைவிட அதிகமும் தரமானதுமான தரவுகளை மூன்று நாளில் எடுத்துவிட்டதாகவும், திரும்பியதும் போயிங் ஆய்வகத்தின் மூன்று நிறமாலைமானிகளையும் நிறுத்திவிட்டதாகவும் பின்னாளில் எழுதினார்.

படிகவியலோடு முரண்பட்ட இரு தருணங்கள்

புதிய முறை நம்பகமானதா என்பதற்கு முதல் பெரிய சோதனை ஒரு சிறு புரதத்தில் வந்தது. ரூப்ரெடாக்சின் என்ற பாக்டீரியப் புரதத்தில் ஓர் இரும்பணு நான்கு கந்தக அணுக்களுக்கு நடுவே உள்ளது. 1970களின் தொடக்கத்தில் வெளியான படிக அமைப்பு, நான்கு பிணைப்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குட்டையானது என்று காட்டியது. புரதங்கள் தம் உலோக அணுவை இழுபறி நிலையில் வைத்திருந்து, அந்த அழுத்தத்தால்தான் விரைந்து செயல்படுகின்றன என்ற கருதுகோள் அப்போது பேசப்பட்டது. குட்டைப் பிணைப்பு அதற்குச் சான்றுபோல் அமைந்தது.

1975-இல் பெல் ஆய்வகத்தின் ஷுல்மன் குழுவும், 1976-இல் சேயர்ஸ், ஸ்டெர்ன், ஹெரியட் ஆகியோரும் இரும்பின் எக்ஸாஃப்ஸை அளந்தனர். நான்கு பிணைப்புகளும் ஏறத்தாழ ஒரே நீளம்தான் என்பது முடிவு. ஹெரியட் அதே படிக அமைப்பைத் தீர்த்த குழுவில் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. எதிரணியிலிருந்து வந்த மறுப்பு அல்ல இது. படிக அமைப்பு மேலும் நுணுக்கமாகத் திருத்தப்பட்டபோது குட்டைப் பிணைப்பு மறைந்தது. புரதப் படிகவியல் ஆயிரக்கணக்கான அணுக்களின் இடத்தை ஒருசேரக் கண்டறிகிறது. அதில் ஒரு பிணைப்பின் நீளம் பத்தில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் பிசகலாம். எக்ஸாஃப்ஸ் ஒரே அணுவின் சுற்றுப்புறத்தை மட்டும் பார்ப்பதால், அங்கே சுமார் 0.02 ஆங்ஸ்ட்ராம் வரை துல்லியம் தருகிறது.

இரண்டாவது தருணம் ஒளிச்சேர்க்கை தொடர்பானது. தாவரங்கள் நீரைப் பிளந்து ஆக்சிசனை வெளியிடும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட கொத்து இருக்கிறது. பெர்க்லியில் கிளைன் முதலியோர் 1980களின் தொடக்கத்திலிருந்தே இதன் மாங்கனீசு விளிம்பை ஆராய்ந்து, மாங்கனீசு அணுக்கள் சில 2.7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் உள்ளன என்று கண்டிருந்தனர். 2004-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இந்தக் கொத்தின் வடிவத்தைப் படிக அமைப்பாக வெளியிட்டது. மறு ஆண்டே, யானோ முதலியோர் அதே வகைப் படிகங்களைப் படிகவியலில் பயன்படும் அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அவற்றின் உட்கவர் நிறமாலையை அளந்தனர். அந்த அளவை எட்டும் முன்பே மாங்கனீசு ஒடுக்கமடைந்து, விளிம்பு கீழே நகர்ந்து, 2.7 ஆங்ஸ்ட்ராம் அலைவு சிதைந்துபோயிருந்தது. படிகவியல் கண்ட கொத்து, கண்டுகொண்டிருக்கும்போதே சேதமடைந்த கொத்து. 2011-இல் ஜப்பானியக் குழு 1.9 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் தெளிவான அமைப்பைத் தந்தது. அதிலும் எஞ்சிய சேதத்தைத் தவிர்க்க, அணுக்கள் நகரும் முன்பே பதிவை முடித்துவிடும் எக்ஸ்-கதிர் லேசர் துடிப்புகள் பின்னர் பயன்படுத்தப்பட்டன.

அதே கதிர் உட்கவர் அளவீட்டிலும் சேதம் விளைவிக்கும் என்பதை மறக்கக் கூடாது. விளிம்பு நகர்கிறதா என்று அளவீட்டின்போதே பார்த்துக்கொள்ள முடிவதால், இங்கே சேதம் தெரியாமல் போவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

இம்முறைக்கு எட்டாதவை

எக்ஸாஃப்ஸ் தரும் தொலைவு நம்பத்தக்கது. எண்ணிக்கை அவ்வளவு நம்பத்தக்கதல்ல. அண்டை அணுக்களின் எண்ணிக்கையில் 10 முதல் 20 விழுக்காடு பிழை இயல்பு, ஏனெனில் அணுக்களின் வெப்ப அதிர்வும் அலைவின் உயரத்தைக் குறைத்து, எண்ணிக்கை குறைந்ததுபோலவே தோற்றம் தருகிறது. அணு எண்ணில் அடுத்தடுத்து உள்ள கார்பன், நைட்ரசன், ஆக்சிசன் ஆகியவற்றைப் பிரித்தறிவதும் கடினம். ஒரே தனிமம் மூன்று வெவ்வேறு சூழல்களில் இருந்தால், அவற்றின் சராசரியே கிடைக்கும். திசையும் கோணமும் பெரும்பாலும் தெரிவதில்லை.

காற்றிலுள்ள நைட்ரசனை அம்மோனியாவாக்கும் நைட்ரசனேசு நொதி இந்த வரம்புகளையும் வலிமையையும் ஒருங்கே காட்டும். 1978-இல் கிரேமர், ஹாட்சன் முதலியோர் அதன் மாலிப்டினம் அணு கந்தகத்தாலும் இரும்பாலும் சூழப்பட்டுள்ளது என்று எக்ஸாஃப்ஸ் மூலம் கூறினர். படிக அமைப்பு வந்து அதை உறுதிசெய்ய 1992 ஆயிற்று. ஆனால் அக்கொத்தின் நடுவில் தனியாக அமர்ந்திருக்கும் ஓர் இலேசான அணு இருப்பது 2002-இல் படிகவியலில்தான் தெரிந்தது. அது கார்பன் என்று 2011-இல் தெளிந்தபோது, உதவியவற்றுள் ஒன்று எக்ஸ்-கதிர் உமிழ்வு நிறமாலையியல்.

இன்றைய பரவல்

1979-இல் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் மூவருக்கும் அமெரிக்கப் படிகவியல் சங்கத்தின் வாரன் விருது வழங்கப்பட்டது. எக்ஸான் நிறுவனத்தின் சின்ஃபெல்ட்டுடன் லைட்டில் செய்த வினையூக்கி ஆய்வுகள் பெட்ரோலியத் துறையை இம்முறையின் பக்கம் திருப்பின. பின்னர் மின்கலம், மண்ணிலுள்ள ஆர்செனிக், அணுக்கழிவு எனப் பல துறைகளுக்குப் பரவியது. ஓவியர் வான்கோ பயன்படுத்திய குரோம் மஞ்சள் நிறம் பழுப்பாக மாறுவதற்கு, நிறமியிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் மூவிணைதிறமாக ஒடுக்கமடைவதே காரணம் என்று 2011-இல் காட்டப்பட்டதும் குரோமியத்தின் விளிம்பைப் பார்த்துத்தான். இந்தியாவில் இந்தூரின் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில், 250 கோடி எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடைய இண்டஸ்-2 வளையத்தில் இதற்கெனக் கற்றைத்தடங்கள் இயங்குகின்றன.

முடுக்கிகளில் அளவீட்டு நேரம் கிடைக்க ஆய்வாளர்கள் முன்மொழிவு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே லைட்டில் நிறுத்திவிட்ட வகைக் கருவி இப்போது மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. வளைந்த படிகங்களும் நவீன உணர்விகளும் கொண்ட மேசையளவு நிறமாலைமானி ஒன்றை 2014-இல் வெளியிட்டது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சைட்லர் குழு. சாதாரண எக்ஸ்-கதிர்க் குழாயைக் கொண்டே, செறிவு மிகுந்த மாதிரிகளின் விளிம்பை அது பதிவு செய்கிறது.